முதல் மூன்று பாடங்களுக்கும் ஒரு துண்டு சிறுகுடல் போதும்

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீசியன் என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் வருடப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வேதியியல், அடுத்து செல், அதற்கடுத்து திசு. இதயம், மூளை, எலும்பு என்று ஆசையோடு வந்த பிள்ளைகள் அணு, அயனி, சகப்பிணைப்பு என்று பார்த்ததும் முகம் வாடிப்போவதை ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் பார்க்கிறேன். எப்படியோ மனப்பாடம் செய்து இன்டர்னல் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிறகு வார்டில் நிற்கும்போது ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் சோடியம் 128 என்று வந்தால், அந்தச் சோடியமும் முதல் பாடத்தில் படித்த சோடியமும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

அதனால் இப்போதெல்லாம் நான் அந்த மூன்று பாடங்களையும் தனித்தனியாக எடுப்பதில்லை. சிறுகுடலின் சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்ததாக வைத்துக்கொண்டு அதை வைத்தே மூன்றையும் நடத்துகிறேன். தோலை வைத்தும் நடத்தலாம், பல ஆசிரியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் தோலில் வேதியியல் அவ்வளவாக வெளியே தெரியாது. சிறுகுடலில் உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் ஒவ்வொரு நிமிடமும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. அது நின்றால் ஒரு குழந்தை ஒரே நாளில் இறந்துபோகலாம். படிக்கிற பாடத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையா?

சரி, முதலில் துண்டைப் பார்ப்போம். சிறுகுடல் உடற்கூறு மேசையில் அளந்தால் சுமார் 6 மீட்டர். உயிரோடு இருப்பவரின் உடலில் தசை இறுக்கம் இருப்பதால் அதைவிடக் குறைவாகவே இருக்கும். முதல் 25 சென்டிமீட்டர் டியோடினம், அப்புறம் ஜெஜுனம், கடைசியில் இலியம். எந்த இடத்தில் வெட்டினாலும் சுவரில் நான்கு அடுக்கு. உள்ளே சளிச்சவ்வு, அதற்கு வெளியே ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் ஒரு தளர்வான அடுக்கு, அதற்கு வெளியே தசை, எல்லாவற்றுக்கும் வெளியே வழவழப்பான மெல்லிய உறை. உடலில் இருக்கும் நான்கு வகைத் திசுக்களும், அதாவது எபிதீலியம் (பரப்புகளை மூடும் திசு), இணைப்புத் திசு, தசை, நரம்பு நான்கும், இந்தச் சில மில்லிமீட்டர் கனத்துக்குள் வந்துவிடுகின்றன. திசு பாடம் முழுக்க இங்கேயே இருக்கிறது.

திசு என்று ஒன்று இருப்பதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த சேவியர் பிஷா. பாரிஸில் சடலங்களை அறுத்து, ஊறவைத்து, வேகவைத்து, உலரவைத்து, அமிலத்தில் போட்டுப் பார்த்து, 21 வகைத் திசுக்கள் என்று எழுதினார். மைக்ராஸ்கோப்பை அவர் நம்பவில்லை, வெறுங்கண்ணால் பார்த்தே சொன்னார். 1802 இல் 30 வயதில் இறந்துவிட்டார். நோய் ஒரு உறுப்பை முழுதாகப் பிடிப்பதில்லை, அதில் உள்ள ஏதோ ஒரு திசுவைப் பிடிக்கிறது என்று அவர் சொன்னது இன்றைக்கும் வார்டில் உதவுகிற கருத்து. காலரா குடல் நோய் என்கிறோம், ஆனால் அது குடலின் தசையைத் தொடுவதில்லை, நரம்பை அழிப்பதில்லை. எபிதீலியத்தின் வேலையை மட்டும் தலைகீழாக்குகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த எபிதீலியத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். உணவுக்குழாயில் எபிதீலியம் பல அடுக்கு, தட்டையான செல்கள். காரணம், அங்கே சோறும் முறுக்கும் உரசிக்கொண்டு போகின்றன, மேலடுக்கு தேய்ந்து உதிர்ந்தாலும் கீழே இன்னும் இருக்க வேண்டும். சிறுகுடலுக்கு வந்தால் ஒரே ஒரு அடுக்கு, உயரமான தூண் வடிவச் செல்கள். இங்கே வேலை உறிஞ்சுவது, பல அடுக்கு இருந்தால் எதுவும் உள்ளே போகாது. எங்கே உரசலோ அங்கே பல அடுக்கு, எங்கே பரிமாற்றமோ அங்கே ஓரடுக்கு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எபிதீலியம் அட்டவணையில் பாதியை மனப்பாடம் செய்யாமலே எழுதிவிடலாம். நுரையீரல் காற்றறையில் என்ன இருக்கும், வாயில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துச் சொல்லிப் பாருங்கள். வேலை மாறினால் திசுவும் மாறுவதுண்டு. பல வருடம் இரைப்பை அமிலம் மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும் சிலருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் தட்டைச் செல்கள் போய்த் தூண் வடிவச் செல்கள் வந்துவிடுகின்றன. பாரெட் உணவுக்குழாய் என்று பின்னால் படிப்பீர்கள், புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்பதால் அதை எண்டோஸ்கோப்பியில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

சிறுகுடலின் உள்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பின் மேல் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுள்ள குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் செல்கள், ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலும் ஆயிரக்கணக்கில் நுண்ணுறிஞ்சிகள். மொத்தப் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய புத்தகங்களில் இருக்கும், நானும் அப்படித்தான் படித்தேன். 2014 இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஹெலாண்டரும் ஃபாண்ட்ரிக்ஸும் மறுபடி அளந்து பார்த்து, வாயிலிருந்து ஆசனவாய் வரை மொத்தமே சுமார் 32 சதுர மீட்டர் என்று சொன்னார்கள், ஏறக்குறைய அரை பேட்மின்டன் மைதானம். அதுவே பெரிய பரப்புதான். உங்கள் கல்லூரிப் புத்தகத்தில் பழைய எண் இருந்தால் தேர்வில் அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் உண்மை எது என்று தெரிந்திருக்கட்டும்.

இந்தச் செல்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. குடலுறிஞ்சிகளுக்கு இடையே உள்ள சிறு குழிகளின் அடியில் மூல செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிய செல்கள் மெல்ல மேலே நகர்ந்து, உச்சிக்கு வந்து, 3 முதல் 5 நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. கீமோதெரபி எடுப்பவருக்கு ஏன் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வருகிறது என்று கேட்டால் செல் பிரிதல் பாடத்தில் விடை இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்லை அடிக்கும் மருந்துக்குப் புற்றுநோய்ச் செல் எது, குடல் மூல செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மைட்டாசிஸின் நான்கு கட்டங்களைப் படம் வரையும்போது இந்தக் குழியை நினைத்துக்கொண்டு வரையுங்கள்.

இப்போது வேதியியல். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின். அதனால்தான் உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியமும் குளோரைடும் பிரிந்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. மின்சுமையோடு, தண்ணீர் சூழ நிற்கும் இந்தச் சோடியம் அயனி கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. குளுகோஸுக்கு மின்சுமை இல்லை, ஆனால் அது பெரிய மூலக்கூறு, தண்ணீரோடு ஒட்டுவது, அதுவும் தாண்ட முடியாது. இரண்டுக்கும் கதவு வேண்டும், அந்தக் கதவுதான் புரதம். சவ்வில் ஏன் இத்தனை புரதங்கள் என்று செல் பாடத்தில் கேட்டால் இதுதான் பதில்.

செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), உள்ளே 10 முதல் 15 வரைதான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு, உள்ளே சுமார் 140, வெளியே 4. இந்த வித்தியாசம் தானாக இருப்பதில்லை. செல்லின் பின்பக்கச் சவ்வில், ரத்தம் இருக்கும் திசையில், ஒரு பம்பு இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறைச் செலவு செய்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957 இல் நண்டின் நரம்பை வைத்து இதைக் கண்டுபிடித்தார், 40 வருடம் கழித்து 1997 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்று பார்க்கிறீர்களே, அந்த எண்களுக்குப் பின்னால் உடலில் உள்ள எல்லாச் செல்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பம்புதான் இருக்கிறது.

பம்பு உள்ளே சோடியத்தைக் குறைத்து வைத்திருப்பதால் குடலுக்குள் இருக்கும் சோடியம் எப்போதும் செல்லுக்குள் வரத் துடிக்கும். அது வருவதற்குக் குடல் பக்கச் சவ்வில் உள்ள கதவுகளில் ஒன்று எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 2 சோடியத்தோடு 1 குளுகோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். குளுகோஸ் இந்தக் கதவில் நுழையும்போது ஏடிபி செலவாவதில்லை, செலவு ஏற்கெனவே பின்பக்கப் பம்பில் நடந்துவிட்டது. காலையில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால் அப்புறம் கரண்ட் இல்லாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வருகிறதல்லவா, அப்படி. இரண்டாம் நிலை செயல்மிகு கடத்தல் என்று புத்தகத்தில் பயமுறுத்துவது இவ்வளவுதான். 1960 இல் ப்ராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை முதன்முதலில் வரைந்து காட்டினார்.

சோடியமும் குளுகோஸும் உள்ளே போய், பின்பக்கமாக வெளியேறி ரத்தப் பக்கம் சேர்ந்ததும் தண்ணீர் தானாகவே பின்னால் வரும். சவ்வூடு பரவல், பள்ளிக்கூடத்திலேயே படித்தது. தண்ணீருக்கென்று பம்பு உடலில் எங்கும் கிடையாது. தண்ணீரை நகர்த்த வேண்டுமென்றால் உப்பை நகர்த்து, அதுதான் குடல் கையாளும் வழி. நாம் குடிப்பதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்த்துத் தினமும் சுமார் 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது, மலத்தில் போவது 100 முதல் 200 மில்லி. மற்றதெல்லாம் இப்படித்தான் திரும்பி வருகிறது.

எஸ்ஜிஎல்டி1 பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் மிக அபூர்வமாகப் பிறக்கின்றன. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் குளுகோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைந்ததும் இரண்டும் உள்ளே போக முடியாமல் குடலிலேயே நின்று தண்ணீரை இழுத்து, பிறந்த சில நாட்களிலேயே கடுமையான வயிற்றுப்போக்கு வரும். ஃப்ரக்டோஸுக்குத் தனிக் கதவு இருப்பதால் அதை மட்டும் கொடுத்தால் குழந்தை தேறிவிடும். இதே புரதத்தின் தம்பி எஸ்ஜிஎல்டி2 சிறுநீரகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர் இருந்தால் அந்த மாத்திரை அடைப்பது அந்தக் கதவைத்தான்.

இனி காலரா. கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1883-84 இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் பார்த்துவிட்டார். ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பதைக் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே, 1959 இல். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, கிருமியே இல்லாமல் அது வளர்ந்த திரவத்தை மட்டும் உள்ளே செலுத்தினார், குடல் தண்ணீரால் உப்பியது. கிருமி வெளியிடும் நச்சே காரணம் என்று அதிலிருந்து தெளிவானது. அவருக்கு வாழ்நாளில் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் திடமான கருத்து. அந்த நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்குகிறது, அது குளோரைடு கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, எதிர்மின்னைத் தொடர்ந்து சோடியம் செல்களின் இடுக்கு வழியே வருகிறது, உப்பின் பின்னால் தண்ணீர். மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும்.

ஆனால் அந்த நச்சு எஸ்ஜிஎல்டி1-ஐத் தொடுவதில்லை. செல் சாகவும் இல்லை, கதவு கெடவும் இல்லை. உப்பை மட்டும் கொடுத்தால் பயனில்லை, சர்க்கரையோடு கொடுத்தால் உள்ளே போகும். 1968 இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் பெரியவர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்து இது நடக்கும் என்று காட்டினார்கள். 1971 இல் வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலரா பரவியது. ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கச் செய்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு அவருடைய வார்டுகளில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 இல் அவர் காலமானார். இந்தப் பாடத்தை நடத்தும்போது அவர் பெயரைச் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை.

இப்போது ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியை, கையில் எடுங்கள், மோல் கணக்கு போடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுகோஸின் மூலக்கூறு நிறை 180, ஆக 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 75 மில்லிமோல். உப்பு 2.6-ஐ 58.5-ஆல் வகுத்தால் சுமார் 45. சிட்ரேட் 2.9-ஐ 294-ஆல் வகுத்தால் 10, ஒவ்வொன்றிலும் 3 சோடியம் இருப்பதால் 30. ஆக மொத்தச் சோடியம் 75. பொட்டாசியம் 20, குளோரைடு 65, சிட்ரேட் 10. எல்லாவற்றையும் கூட்டுங்கள், 245 வரும். பாக்கெட்டின் பின்னால் ஆஸ்மொலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு, 245 என்று போட்டிருப்பது இதுதான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்களுக்கு மோல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டி வந்ததில்லை.

2002 வரை இந்த எண் 311, குளுகோஸ் 111, சோடியம் 90. ரத்தத்தின் ஆஸ்மொலாரிட்டி சுமார் 290. குடலுக்குள் இருப்பது ரத்தத்தைவிட அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? குடலுக்குள்தான். அளவைக் குறைத்ததும் குழந்தைகளுக்கு ட்ரிப்ஸ் தேவைப்படுவது சுமார் 33 சதவீதம் குறைந்தது. சர்க்கரை கூடினால் தெம்பு கூடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, வயிற்றுப்போக்கில் அது நேர் எதிராகப் போகும். பாட்டில் குளிர்பானம், டப்பா ஜூஸ் இவற்றில் சர்க்கரை ஏராளம், சோடியம் மிகச் சொற்பம், போகிறதை அவை அதிகமாக்கும். கடையில் ஓஆர்எஸ் போலவே அட்டைப்பெட்டியில் இனிப்பு பானங்களும் இருக்கும், லேபிளைத் திருப்பி இந்த நான்கு பொருட்களும் இந்த அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாக்கெட்டே கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தட்டிய மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். அரை டீஸ்பூனுக்கு மேல் உப்பு கூடாது, குழந்தைக்குச் சோடியம் ஏறிவிட்டால் அதுவும் ஆபத்து.

சிட்ரேட் எதற்கு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட்டும் சேர்ந்து வெளியேறுவதால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும், சிறிது இறங்கினாலும் நோயாளி வேகமாக மூச்சு வாங்குவார். சிட்ரேட் உடலுக்குள் போய்ப் பைகார்பனேட்டாக மாறும். முன்பு சோடாவையே நேராகப் போட்டார்கள், ஈரமான ஊர்களில் பொடி சீக்கிரம் கெட்டுப்போனது, அதனால் மாற்றினார்கள். பிஎச் அதிகம் மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கல் கரைசல் என்ற தலைப்பு இதோடு முடிந்தது.

தசையையும் நரம்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் வட்டமாக ஓர் அடுக்கு, வெளிப்பக்கம் நீளவாக்கில் ஓர் அடுக்கு, இரண்டும் வரியற்ற தசை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நரம்பு வலை, ரத்தக் குழாய்கள் ஓடும் தளர்வான அடுக்கில் இன்னொன்று. மூளையிலிருந்து வரும் நரம்பை வெட்டினாலும் குடல் தானே அலைபோல் சுருங்கி நகர்த்தும். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் சிலருக்கு மலச்சிக்கல் தருவதற்குக் காரணம் இங்கேதான், உடலில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது, அந்த மருந்து அதன் ஏற்பி ஒன்றை அடைக்கிறது. இணைப்புத் திசு எங்கே என்றால் இவை எல்லாவற்றுக்கும் இடையில். குடலுறிஞ்சியின் நடுத்தண்டில் அதுதான், அதற்குள்தான் ரத்த நுண்குழாயும் கொழுப்பை எடுத்துப்போகும் நிணநீர்க் குழாயும். ரத்தமே ஒரு இணைப்புத் திசு என்பதை மறந்துவிடாதீர்கள், ஒரு மதிப்பெண் கேள்வியில் அடிக்கடி வரும்.

சிறுகுடல் முடிந்து பெருங்குடலுக்கு வந்தால் குடலுறிஞ்சிகள் இல்லை, சளி சுரக்கும் செல்கள் அதிகம், எஸ்ஜிஎல்டி1 வழி ஏறக்குறைய இல்லை. அங்கே என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர்கள் நம் வேலூர் சிஎம்சியில் இருந்தார்கள். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவரும் ஒரு வகை மக்காச்சோள மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பெருங்குடலில் வாழும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் குட்டையான கொழுப்பு அமிலங்களாக மாற்றும், அந்த அமிலங்கள் பெருங்குடல் செல்களைச் சோடியத்தை உறிஞ்சவைக்கும், பின்னால் தண்ணீர் வரும். போகும் அளவும் குறைந்தது, நோய் நீடிக்கும் நேரமும் குறைந்தது. ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000 இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த வாரம் வகுப்பில் பெருங்குடல் ஸ்லைடு போடப்போகிறேன். வரும்போது ஒரு கேள்விக்கு விடையோடு வாருங்கள்: மாவுச்சத்தை முழுதாக உறிஞ்சும் எபிதீலியம் உடலில் எங்கேயும் இல்லை, ஏன்?